வேலைக்கு எதுக்கடா நட்சத்திரம்?

பிரவீணன்,

நேற்று நான் சிரிச்சது பிழைதான். அதுக்காகச் சாப்பிடாமலா படுக்கிறது? புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைச்சிருக்கிறன்.

என்ரை கலியாண பயோடேட்டாவிலை பேரை மட்டும் மாத்தினால் அது தொழிற்பயிற்சி விண்ணப்பம் ஆகாதடா. நட்சத்திரத்தையும் கனடாச் சித்தப்பாவையும் எடு. உன்னாலை என்ன செய்ய ஏலும் எண்டுதான் கம்பனிக்காரர் பாப்பினம். இணுவில் தோட்டக்காரர் பழுதான தண்ணிப் பம்பைத் தூக்கிக்கொண்டு உன்னட்டைத்தானே ஓடி வருகினம்? அதை முதல்லை எழுது. ஒரு பக்கம் போதும். இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ளை அனுப்பாட்டில் இந்த இடம் போயிடும்.

வெளியிலை போனால் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு உதயகலா அன்ரியிட்டைக் குடு.

அக்கா

பி.கு: உன்ரை பேர் போட்ட பழைய பயோடேட்டாவை அழிச்சுப் போடாதை. பயிற்சி கிடைச்சால், அதிலை உத்தியோகம் எண்ட இடத்தை நிரப்பிக் கலியாணப் புறோக்கரிட்டைக் குடுப்பம்.