படகுத்துறைக் கடிகாரம்

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

இத்தீவின் படகுத்துறைக் கடிகாரம் பதினைந்து நிமிடம் முந்தி ஓடும். தப்புக் கணக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? ஏறித் திருத்திவிட்டேன். ஊரே அதை மனதில் கழித்துக்கொண்டுதான் வரும் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் பாதிப் பேருக்குப் படகு போய்விட்டது. மனைவியை அக்கரையில் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக வந்த தையல்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கடிகாரத்துக்குப் பாடம் எடுத்தீங்க சார், சரி. எங்களுக்கு யாரு எடுக்கிறது?"

ஒரு மீனவரைக் கெஞ்சி, இருவரையும் நானே அவர் படகில் கூட்டிப்போனேன். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. திரும்பியதும் கடிகாரத்தைப் பழையபடி முந்தவைத்தேன்.

"இப்பதான் சார் கரெக்டா ஓடுது" என்றார் தையல்காரர்.

தபாலில் என் போர்வையை அனுப்பு. கூடவே நாலு வரி எழுது. ஊர் கால் மணியைக் கழித்துக்கொண்டு சாவகாசமாக வருகிறது. தபால் படகுக்கு நான் மட்டும் கடிகாரம் காட்டும் நேரத்துக்கே போய் நிற்கிறேன்.

அவசரமாக,
உன் வாத்தியார்