அது தூண்டில் முள்தான்

இன்று காலை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். விரலில் குத்த வந்த பெண் என் இடது கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், பெருவிரலுக்குக் கீழ இவ்வளவு நீளத்துக்குத் தழும்பு?" என்றாள். ஐம்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கேள்விக்குப் பொய்தான் சொல்லி வந்திருக்கிறேன். கட்டிய மனைவியிடம்கூட ஆணி கிழித்தது என்றுதான் சொல்லி வைத்தேன். இன்று என்னவோ, "தூண்டில் முள்ளும்மா" என்று வந்துவிட்டது. "மீன் கிடைச்சுதா சார்?" என்று சிரித்தாள். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

முன்பின் தெரியாத பெண்ணிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் பார். இதே வார்த்தையை அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீ ஜெயிலுக்குப் போயிருக்க மாட்டாய்.

மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியிருந்த புதிது. ஆட்சி மாறியதில் தங்களுக்கும் விடிந்துவிடும் என்று உங்கள் தெருவில் நம்பினார்கள். இருப்பதெல்லாம் போய்விடும் என்று எங்கள் தெருவில் பயந்தார்கள். சம்பா முற்றி அறுப்புக்கு நின்றது. கூலியை உயர்த்தினால்தான் வயலில் இறங்குவோம் என்றது உங்கள் சங்கம். வெளியூர் ஆளை லாரியில் கொண்டுவந்து இறக்கி அறுத்துக் காட்டுகிறேன் என்றார் என் பெரியப்பா. அப்பா இல்லாத எனக்கு அவர் வைத்ததுதான் சட்டம். உங்கள் ஆட்களோடு மூச்சு விடக்கூடாது என்று சொல்லியிருந்தார். எங்கள் ஆட்களோடு பேசக்கூடாது என்று உங்கள் பக்கமும் கட்டுப்பாடு. ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த நாம் இருவர் மட்டும், மீசை முளைத்துக் கல்யாண வயது வந்த பிறகும், இரண்டு சட்டத்தையும் மதிக்காமல் கடைமதகுக்கு மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தோம். உனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.

ஊர் உண்ட மயக்கத்தில் படுத்திருக்கும் பிற்பகலில் நான் வடக்கு வரப்பில் வருவேன், நீ வாய்க்காலோரமாக வருவாய். தண்ணீர் வற்றி வருகிற தை மாதம். மதகடிப் பள்ளத்தில் விரால் ஒதுங்கியிருக்கும். பக்கத்தில்தான் உட்காருவாய், ஆனால் என்னைத் தொட மாட்டாய். மண்புழுவைக்கூட என் கையில் தராமல் கொட்டாங்கச்சியில் போட்டு நகர்த்துவாய்.

"சங்கத்துல சேந்தும் இந்தப் பயம் போகலையாடா உனக்கு?" என்று சீண்டினேன் ஒரு நாள்.

"பயமெல்லாம் இல்லீங்க. பழக்கம். நாளைக்கு உங்க பெரியப்பா முன்னாடி உங்களத் தொடக் கை நீண்டுருச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றாய்.

நான் சிரித்தேன். சிரிக்க எனக்கென்ன, பதில் சொல்ல வேண்டியவன் நானா?

அன்றைக்கு என் முள் பின்னாலிருந்த கருவேல மரத்தில் மாட்டிக்கொண்டது. எழுந்து போய்ப் பக்குவமாக எடுத்திருக்கலாம். எனக்கு ஏது அந்தப் பொறுமை? வெடுக்கென்று இழுத்தேன். கிளை விட்டுவிட்டது. விராலுக்கென்று கட்டிய பெரிய முள் பறந்து வந்து, இடது கைப் பெருவிரலின் அடிச்சதையில் வளைவு வரை ஏறிவிட்டது. பதறிப்போய்ப் பிடித்து இழுத்தேன். மீன் நழுவாமல் இருக்க நுனிக்குச் சற்றுக் கீழே பின்பக்கமாக ஒரு குட்டி முள் இருக்குமே, அது சதையைக் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"இழுக்காதீங்க! சதை பிஞ்சிரும்!"

கத்திவிட்டு நீ வரப்பின் இரு பக்கமும் பார்த்தாய். ஒருவரும் இல்லை. பிறகுதான் என் கையைப் பிடித்தாய். உன் உள்ளங்கை எவ்வளவு சொரசொரப்பு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தூண்டில் நரம்பை அறுத்து எறிந்தாய். புல்லறுக்க வைத்திருந்த அரிவாளின் நுனியை வாய்க்காலில் கழுவி வேட்டியில் துடைத்தாய். "ஆட்டாதடா. அந்தப் பக்கம் பாரு" என்றாய். முள் ஏறிய இடத்தில் ஒரு நெல் நீளத்துக்குக் கீறி, குட்டி முள்ளுக்கு வழி பண்ணி, வந்த வழியே மெல்லத் திருப்பினாய். அது பாதி வெளியே வரும்போது நான் வலி பொறுக்காமல் கையை உதறித் தொலைத்தேன். அரிவாள் மணிக்கட்டு வரை கோடு இழுத்துவிட்டது. முள் வந்துவிட்டது, கூடவே ரத்தமும் கொட்டியது. உன் முகம் வெளுத்துப் போயிற்று. தோளில் கிடந்த துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டினாய்.

அது சங்கத்துச் சிவப்புத் துண்டு. ரத்தத்தை நிறுத்துகிற அவசரத்தில் இரண்டு பேருக்குமே அது உறைக்கவில்லை.

பெரியப்பா கட்டை அவிழ்த்துப் பார்த்தார். காயத்தைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். "அருவா வெட்டு. எவன்டா?" என்றார். தூண்டில் முள் என்று சொன்னால், எடுத்தது யார் என்பார். அறுப்பு நின்று கிடக்கும்போது சங்கத்துக்காரனோடு உட்கார்ந்து மீன் பிடித்தாயா என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் பேசாத வாயையே அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார். அரிவாளோடு நீ வாய்க்கால் ஓரம் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் உன்னைப் பிடித்துவிட்டார்கள்.

ஸ்டேஷனில் என்னை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். உன்னை நிற்க வைத்திருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது.

"தூண்டி முள்ளுங்கய்யா. அவங்களே குத்திக்கிட்டாங்க. நான் எடுத்துத்தான் வுட்டேன். வேணும்னா அவங்களையே கேளுங்க" என்று சொல்லி என்னைப் பார்த்தாய். பயந்த பார்வை இல்லை அது. இதோ முடிந்துவிடும், வீட்டுக்குப் போய்விடலாம் என்கிற பார்வை.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி, நீங்க இவன்கூட மீன் புடிக்கப் போனீங்களா?"

பெரியப்பா தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான்.

"இல்லை" என்றேன்.

அதற்கப்புறம் நீ வாயைத் திறக்கவே இல்லை. என்னைத் திட்டியாவது இருக்கலாம். உன் தலைமகன் நீ ஜெயிலில் இருக்கும்போது பிறந்தான். நான் அதற்குள் மெட்ராஸில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு ஓடிவிட்டேன். பிறகு ஒரே ஒரு முறை, மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். நீ என் பக்கம் இரண்டடி எடுத்து வைத்தாய். நான் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். பேப்பரை இறக்கியபோது நீ இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் நீ போய்விட்டாய் என்று கேள்விப்பட்டு, இரங்கல் கூட்டத்துக்கு வந்தேன். சும்மா வரவில்லை. மைக்கைப் பிடித்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். எனக்கு முன்னால் உங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "மிராசுதார் வீட்டுக் கையில அருவாளப் பாய்ச்சிட்டு, சிரிச்சிக்கிட்டே ஜெயிலுக்குப் போன தோழருங்க இவரு!" என்றார். பந்தல் அதிரக் கை தட்டினார்கள். முன்வரிசையில் உன் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

நீ உன் ஆட்களிடமும் உண்மையைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாய்? கட்டுப்பாட்டை மீறி மிராசுதார் வீட்டுப் பையனோடு தூண்டில் போட்டேன் என்றால் உன்னை யார் தோழர் என்பார்கள்? செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போனாய், திரும்பி வந்ததும் அதையே பெருமையாக்கி உன் தலையில் கட்டிவிட்டார்கள். இப்போது நான் வாயைத் திறந்தால் அதையும் பிடுங்கிக்கொள்வேன். "ஐயா, நாலு வார்த்தை பேசுறீங்களா?" என்று உன் மகன் மைக்கை நீட்டினான். வேண்டாம் என்று தலையாட்டினேன். உனக்காகத்தான் பேசவில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியவில்லை. அத்தனை பேருக்கு நடுவில், அந்தக் கை என் கைதான் என்று சொல்லப் பயமாகவும் இருந்தது.

கிளம்பும்போது உன் மகன் வாசல் வரை வந்தான். நான் யாரென்று அவனுக்குத் தெரியாது. ஒரே ஊர் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

"எல்லாரும் அந்த வெட்டைப் பத்தியே பேசுறாங்க. அப்பா வீட்டுல அதப் பத்திப் பேசவே மாட்டாருங்க" என்றான். "சின்ன வயசுல நச்சரிச்சுக் கேப்பேன், எப்படிப்பா வெட்டுனீங்கன்னு. ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாரு. 'அவனுக்கு ரொம்ப வலிச்சிருச்சுடா, நான் இன்னும் கொஞ்சம் பாத்துப் பண்ணியிருக்கணும்'னு."