பத்து மணிக் கூட்டம்

ஓவேலி,
வியாழக்கிழமை

அன்பு மகள் கோகிலவாணிக்கு அம்மா ஆண்டாயி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. நேற்று யானை வந்து நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த வாழையை முறித்துப் போட்டது. இதற்கு மேல் நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. போனில் திட்டினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

கடற்கரை மணல்மேட்டைப் பாதுகாப்பது பற்றி நீ ஆபீசுக்கு இங்கிலீஷில் எழுதிய அறிக்கையைப் பெருமையாக அனுப்பியிருந்தாய். பக்கத்து வீட்டு ராஜப்ரியாவைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். மூன்று கூட்டம் போட்டும் மீனவர்கள் வரவில்லையாம். அவர்களுக்கு அக்கறை இல்லையாம். அதனால் மேட்டைச் சுற்றி வேலி போட்டு வெளியாளைக் காவல் வைக்க வேண்டுமாம்.

மூன்று கூட்டமும் காலை பத்து மணிக்கு! உன் புத்தி எங்கே போனது? படகுகள் கரைக்கு வருவதே அப்போதுதான். பெண்கள் மீனைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடுவார்கள். ஒரு வாரம் உன்னோடு தங்கிய எனக்கே தெரிந்தது. இரண்டு வருஷமாக அங்கேயே இருக்கும் உனக்குத் தெரியவில்லை.

மீன் விற்கும் பிலோமிதான் என்னை மேட்டுக்குக் கூட்டிப்போனாள். மணலில் படர்ந்திருந்த அடப்பங்கொடியை ஆடு மேயாமலிருக்க அவர்களே சுற்றிலும் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். கொடி போனா மணல் போயிரும், மணல் போனா கடல் எங்க வீட்டுக்குள்ள வந்துரும்க்கா என்றாள். அவளுக்கா அக்கறை இல்லை?

நீ ஆறாவது படித்தபோது நம் குடிதண்ணீர் ஊற்றைச் சுற்றி வேலி போட்டார்களே, மறந்துவிட்டாயா? அந்தக் கூட்டமும் பத்து மணிக்குத்தான். நாங்கள் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். தொழிலாளர்கள் வரவில்லை, ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகுமுன் நீ தூரத்திலிருந்து எத்தனை குடம் தண்ணீர் சுமந்தாய்! அன்று எழுதியவன் முன்பின் தெரியாதவன். ஆசை தீரத் திட்டினேன். இப்போது எழுதியிருப்பது நீ. யாரைத் திட்டுவேன்?

மாதக் கடைசியில் அறிக்கை மேலே போகும் என்றாய். போய்விட்டால் வேலி வந்துவிடும். அதற்குள் ஒரு சாயங்காலம் அவர்கள் தெருவுக்குப் போ. தரையில் உட்கார். மேட்டை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுது. எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டு.

பிலோமியிடம் என் நம்பர் இருக்கிறது. நீ வந்து உட்கார்ந்தாய் என்று அவள் வாயால் கேட்கும்வரை உன் போனை எடுக்க மாட்டேன். சீக்கிரம் போ, தாயே. மாரியம்மன் துணையிருப்பாள். வேளைக்குச் சாப்பிடு.

உன்னைப் பெற்ற
அம்மா