பேப்பர் கப்

ஜூலை 15, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆங்கில வகுப்பில் இப்போது ஒரு பழைய அமெரிக்க நாவல் படிக்கிறோம். செய்யாத குற்றத்துக்கு, கறுப்பன் என்பதாலேயே ஒருவனைத் தண்டிக்கிற கதை. தீர்ப்பு வந்த பக்கத்தை மிஸ் வாசித்தபோது ஹேமா தேம்பி அழுதாள். அதைப் பார்த்து எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

சாயங்காலம் அந்த நாவலுக்குச் சார்ட் எழுத மூன்று பேர் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா என்னிடம் மட்டும், "நீ எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். மணவூர் காலனி என்றேன். மற்ற இருவருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. எனக்குப் பேப்பர் கப். ஹேமா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். தெருமுனை வரை ஓடிவந்தாள்.

"அம்மா அப்படித்தான்டி, மனசுல வெச்சிக்காத."

"உங்கம்மாவ வுடு. நீ ஏன்டி வாயத் தொறக்கல? கதைல வர்றவனுக்குன்னா மட்டும்தான் உனக்கு அழுகை வருமா?"

அதற்கும் அழுதாள். எனக்குப் பாவமாகவே இல்லை.

வீட்டில் அம்மா, "அவுங்க வூட்ல நல்லா கவனிச்சிக்கினாங்களா?" என்று ஆசையாகக் கேட்டாள். "ஆங், காபி குடுத்தாங்கம்மா" என்றேன். அம்மா முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்தப் பொய்யை என் வாயால் சொல்லவைத்தார்களே, அதை மட்டும் மன்னிக்கவே மாட்டேன்.