ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு கால்

பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். நான் நலம். நீங்களும் நலம், கால் புண் ஆறிவிட்டது என்றுதான் எழுதுகிறீர்கள்; எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நான் சமைக்கும் வீட்டில் வெங்காயம் நறுக்கும்போது விரலில் கத்தி லேசாகப் பட்டுவிட்டது. பயப்படாதீர்கள், ஆறிவிட்டது. வீட்டுக்கார டாக்டரம்மா பார்த்துவிட்டு, "தினமும் இன்சுலின் போடுறீங்க, அதான் சீக்கிரம் ஆறிடுச்சு. போட்டாத்தான் கிருமியோட சண்டை போடுற ரத்த அணுக்கள் சுறுசுறுப்பா இருக்கும். இல்லேன்னா அதுங்க தூங்கிடும், புண் ஆறாது," என்றார்.

உடனே பேத்தி அனுப்பிய குடும்பப் போட்டோவை மறுபடி பார்த்தேன். எல்லோர் காலும் தெரிகிறது. உங்கள் இடது கால் மட்டும் ஸ்டூலுக்குப் பின்னால். புண் ஆறிய கால் எதற்கு ஒளிகிறது? உங்கள் இன்சுலின் ஊசியைப் போடாமல் ஏமாற்றுகிறீர்களா? நான் ஐந்தாம் வகுப்புதான். ஆனாலும் என்னை ஏமாற்ற முடியாது.

பேத்தியிடம் சொல்லி அந்தக் காலைப் படம் எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் அன்றைய செய்தித்தாள் இருக்கட்டும். கூடவே நீங்களும் இரண்டு வரி எழுதுங்கள், இங்கே படிக்க ஒன்றுமில்லை.

பால் பொங்குகிறது. நான் வரும் நாளில் நீங்களே நடந்து வந்து கதவைத் திறக்க வேண்டும்.