இறங்குவதற்கு ஓர் இருக்கை

4-8-1973, சனி
பேப்பரில் செய்தி. அமெரிக்க விண்வெளி நிலையத்துக்கு மூவர் ஏறிப்போன கலத்தில் ஏதோ கசிவாம். தேவைப்பட்டால் அழைத்துவர இன்னொன்றைத் தயார் செய்கிறார்களாம். கிண்டி ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடமாக நான் கத்திக்கொண்டிருப்பதும் இதுதானே! நிலையத்தோடு ஓர் அவசரக் கலம் எப்போதும் இருக்க வேண்டும். அடிபட்டவன் படுத்தபடியே இறங்க அதில் இருக்கை வேண்டும். அந்த இருக்கையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

சுந்தரவல்லியிடம் படித்துக் காட்டினேன். "நம்மாளுக ஏறுறதுக்கே வழியைக் காணோம், நீங்க இறங்குறதுக்கு இருக்கை செய்றீகளாக்கும்" என்றாள். இருபது வருடக் குடித்தனத்தில் மனைவியிடம் எனக்குக் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான்.

20-8-1973
மேற்கு ஜெர்மனி மாநாட்டில் என் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். அக்டோபரில் பயணம். ஐம்பத்தோரு வயதில் முதல் விமானம்! சோதனை முடிவுகள் செப்டம்பர் பத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

29-8-1973
பெல்ட் பூட்டு கச்சிதம். ஒரு கையால் மூடியைத் தூக்கி, மறு கையால் திருக வேண்டும். எவ்வளவு குலுங்கினாலும் தானாகத் திறக்காது.

5-9-1973
மெக்கானிக் தங்கவேல் வந்தான். சைதாப்பேட்டை பாலத்தருகே சைக்கிளிலிருந்து விழுந்து, வலக்கையில் மாவுக்கட்டு. சும்மா இருக்கத் தெரியாமல் இருக்கையில் ஏறிப் படுத்தான். பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன். அவனால் அவிழ்க்க முடியவில்லை. ஐந்து நிமிடம் மல்லுக்கட்டினான்.

"இன்னா சார் இது, ஒத்தக் கையால வரவே மாட்டேங்குது! மேல கை ஒடிஞ்சவன் இன்னா பண்ணுவான்?"

இதுகூடவா எனக்குத் தோன்றவில்லை? இத்தனை நாளும் அதில் படுத்துப் பார்த்தது நான் மட்டும் — இரண்டு கையும் நன்றாக இருப்பவன்.

6-9-1973
அப்படியே அனுப்பிவிட்டால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? "வெளியில சொல்லாதப்பா" என்றேன் தங்கவேலிடம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"நான் யார்கிட்ட சார் சொல்லப் போறேன்? அதுல படுக்கப் போறவன்கிட்ட நீதான் சார் சொல்லணும்."

8-9-1973
இயக்குநர் சுவாமிநாதனிடம் சொன்னேன். இப்போது அனுப்பலாம், அடுத்த வருடம் திருத்திக்கொள்ளலாம் என்றார்.

"அதுக்குள்ள எவனாவது உள்ளயே மாட்டிக்கிட்டுச் செத்தா?" — கத்திவிட்டேன்.

"உள்ளே யாருமே இல்லையே, பொன்ராஜ்."

உண்மைதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகத் தந்தி கொடுத்தேன். வீட்டில் சொன்னபோது சுந்தரவல்லி கேலி செய்யவில்லை. அதுதான் அழுகையை வரவழைத்தது.

27-9-1973
மூவரும் தங்கள் கலத்திலேயே பத்திரமாக இறங்கிவிட்டார்களாம். அப்பாடா.

16-10-1973
இன்று அங்கே மாநாடு தொடங்குகிறது. இங்கே புதுப் பூட்டு தயார். ஒரே கைப்பிடி, இழுத்தால் போதும். தங்கவேலின் கை குணமாகிவிட்டதால், என் வலக்கையை முதுகோடு துண்டால் கட்டச் சொன்னேன். கண்ணை மூடிப் படுத்தேன். நான்கு விநாடியில் எழுந்து நின்றேன்.

"ஜெர்மனி போயிருந்தா இந்நேரம் கோட்டு போட்டுக்கினு நின்னுருப்ப சார்" என்றான், துண்டை அவிழ்த்தபடி.

மறுபடி படுத்து, இடக்கையைக் கட்டச் சொன்னேன்.