அனுப்புநர் கட்டத்தில் உன் பெயர்

என் அருமை மாப்பிள்ளை சூசைமாணிக்கத்துக்கு,

நீ போன இடத்தில் கரண்டு இருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா, ஒன்றும் தெரியவில்லை. இங்கே வில்லியனூரில், உன் மனுக்கடையில், உன் முதுகு இத்தனை வருஷமாய்ப் பள்ளம் பண்ணி வைத்த அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் உடம்புக்குக் கொஞ்சம் கடிக்கிறது. ராஜா மாறினால் சிம்மாசனம் கோபித்துக்கொள்ளும் போல.

மதியம் இரண்டு மணிக்கு மேல் இந்த நாற்காலியில் கண் சொக்குதுடா. கரும்பு லாரி போகிற சத்தம் ஆற்றுத் தண்ணீர் மாதிரி கேட்கிறது. உன் பழைய மானிட்டரிலிருந்து எழுத்தெல்லாம் எறும்பாய் இறங்கி, மேசையைத் தாண்டி, வாசல் வழியாக வெயிலுக்குள் நடந்து போகிறது. பின்னாலேயே நீயும் போகிறாய், காலில் செருப்பில்லாமல். கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறாய். அங்கே உனக்கு அவ்வளவு வேலையா?

சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். நீ ராத்தூக்கம் பார்க்காமல் உன் கையால் செய்தாயே, மனு எழுதுகிற புரோகிராம், அது இன்னும் ஓடுகிறது. அனுப்புநர், பெறுநர், பொருள், விவரம் என்று சாம்பல் கலரில் நாலு கட்டம். தஞ்சாவூர்க் கோபுரத்துக்கு அடுத்து அதுதான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் ஒரே ஒரு குறை. தட்டுகிறவன் தப்புப் பண்ணினால் அது வாயைத் திறக்காது. நீ இருந்தவரை உன் கண்ணே பிழை பார்த்தது. அதனால் யாருக்கும் அந்தக் குறை தெரியவில்லை.

அப்புறம் நான் தட்ட ஆரம்பித்தேனா, ஒரு அம்மாவுக்குக் குழாய் கேட்டுப் போட்ட மனு, பிழை மலிந்து, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து திரும்பி வந்தது. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "அவரு இருந்தப்போ ஒரு காயிதம் திரும்பினதில்லண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். அப்புறம் ஒவ்வொருவராய்ப் போனார்கள். "கடைய மூடிடலாம்ணா" என்றாள் என் தங்கச்சி, உன் ரெஜினா. அதைச் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் மகள் ஸ்டெல்லா சென்னையிலிருந்து லீவு போட்டு வந்தாள். "மாமா, அப்பா புரோகிராம்ல பிழை பாக்குறத சேத்துடுறேன். கட்டத்துல தட்டும்போதே தெரியாத வார்த்தைக்குக் கீழ செவப்புக் கோடு வரும். அப்பா வருஷப் பூசைக்குள்ள சரியா வரலன்னா, அம்மா சொல்றபடி மூடிடலாம்."

எங்கிருந்தோ ஒரு சொற்பட்டியலைக் கொண்டுவந்து உள்ளே போட்டாள். நான் ஒரு பழைய மனுவைத் திறந்தேன். நெட்டப்பாக்கம் சிவப்பு. கரிக்கலாம்பாக்கம் சிவப்பு. கொம்யூன் சிவப்பு. சங்கராபரணி ஆறே மிளகாய்க் குழம்பாய்ப் பெருகித் திரையில் ஓடியது.

"இன்னாடி இது?"

"அதுக்கு நம்ம ஊரே தெரியல மாமா."

"கரிக்கலாம்பாக்கமே தெரியாததுக்கு உலகத்துல வேற இன்னா தெரியும்!"

அவள் சிரிக்கவில்லை. அப்படியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அவளுக்குத் தோன்றியது. நீ தட்டிய மனு எல்லாம் உள்ளேதான் சேமித்துக் கிடக்கிறது. அதிலிருக்கும் சொற்களையே எடுத்துப் பட்டியலாக்கினால்? ஆனால் நீ திருத்துவதற்கு முந்தின நகலில் கிடக்கும் உன் தப்பும் சேர்ந்து வந்துவிடுமே. அதைப் பொறுக்கி எடுக்க ஒரு மகா மேதை தேவைப்பட்டார். சம்பளமில்லாமல் நான் பதவி ஏற்றேன்.

பத்துக் கோடி சொல் இருக்கும், சத்தியமாய். என் வலது கண் தேய்ந்து பாதியாகிவிட்டது. பட்டா, மதகு, ஊன்றுகோல், சுடுகாட்டுப் பாதை, பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரி... ஒவ்வொரு சொல்லும் யாரோ ஒருத்தர் உன் எதிரே உட்கார்ந்து அழுத அழுகைடா. இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டா சாயங்காலம் என்னோடு அப்படிச் சிரித்தாய்? நடுநடுவே உன் தப்பு வரும், அழிப்பேன். உயிரோடு இருந்தபோது ஒரு வாக்குவாதத்திலும் உன்னை ஜெயித்ததில்லை. இப்போது வரிசையாய் ஜெயித்தேன். ருசியே இல்லை மாப்பிள்ளை.

பூசைக்கு முந்தின நாள் பட்டியல் முடிந்தது. "நெசமான மனு ஒண்ணு போட்டுப் பாக்கலாம்" என்றாள் ஸ்டெல்லா.

"நம்ம வூட்டு வாசல் கம்பத்துக்கு லைட்டு கேளு" என்றாள் ரெஜினா.

கரிக்கலாம்பாக்கத்தில் வயல் பிளாட்டான இடத்திலெல்லாம் உன் மனுவால் விளக்கு எரிகிறது. உன் வீட்டு வாசலில் மட்டும் மொட்டைக் கம்பம். எனக்கு அதுவரை அது உறைக்கவே இல்லை.

ரெஜினா சொல்லச் சொல்ல ஸ்டெல்லா தட்டினாள். ஊர்ப் பேர் தட்டினாள், கோடு வரவில்லை. தெருப் பேர், வரவில்லை. ரெஜினா, வரவில்லை, ஊரில் எத்தனை ரெஜினாவோ உன்னிடம் வந்திருக்கிறார்கள். அனுப்புநர் கட்டத்தில் கணவர் பெயர் என்று தட்டி உன் பெயரையும் தட்டினாள்.

கீழே சிவப்புக் கோடு.

"இன்னாடி அது, அவரு பேருக்குக் கீழ?"

"தெரியாத பேருன்னு சொல்லுதும்மா."

"தெரியாத பேரா? இத்தச் செஞ்சதே அவருதானே!"

ஸ்டெல்லா மெல்லச் சொன்னாள்: "அப்பா தட்டினதுதாம்மா இதுக்குத் தெரியும். அவரு பேர அவரு ஒரு மனுவுலயும் தட்டல."

ஊருக்கே கேட்டாயே, உனக்கென்று ஒரு தரம் கேட்டால் குறைந்தா போயிருப்பாய்?

"சேத்துக்கோன்னு சொல்ல எங்க அமுத்தணும்? தள்ளு, நான் அமுத்துறேன்" என்றாள் ரெஜினா. மவுஸைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள், கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி அதைப் பிடித்தாள். ஸ்டெல்லா இடம் காட்டினாள். கோடு போய்விட்டது. ரெஜினா அப்புறமும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

கடையை மூடவில்லை, மாப்பிள்ளை. குழாய் அம்மா திரும்பி வந்தார்கள்; அவர்கள் மனு திரும்பி வரவில்லை. நம் மனுவையும் ஆபீசில் கொடுத்துச் சீல் வாங்கி உன் டிராயரில் வைத்திருக்கிறேன். விளக்கு இன்னும் வரவில்லை.

வரும் வரைக்கும் மாதம் ஒரு மனு போடுவேன். இது என் வாக்கு. இதில் மட்டும் துளி மிகையில்லை. ஒவ்வொன்றிலும் அனுப்புநர் கட்டத்தில் உன் பெயர் இருக்கும், கீழே கோடில்லாமல். கம்பத்தில் வெளிச்சம் வந்த அன்றைக்காவது திரும்பிப் பாருடா. செருப்பை வாசலிலேயே வைத்திருக்கிறேன்.

உன் மகளுக்குத் தாய்மாமனும், உன் நாற்காலிக்குக் காவல்காரனுமான
உன் மச்சான் சவரி